வட்டத்தை அளப்பதற்கு முன்: மருந்து எதிர்ப்புச் சோதனைகள் பற்றி வாசகர் கேள்வி – பதில்

கல்ச்சர் (மாதிரியிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்பது), சென்சிட்டிவிட்டி (அது எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்ப்பது) சோதனைகள் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாவே நேரடிக் காரணமாக 2019-இல் மட்டும் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்கிறது 2022-இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு. எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று சொல்ல வேண்டிய பொறுப்பு ஆய்வகத்துடையது. அந்தப் பதில் சரியாக இருப்பது பெரும்பாலும் விலை உயர்ந்த கருவியால் அல்ல. அளவு, நேரம், வெப்பநிலை ஆகிய மூன்றிலும் ஒழுங்கு இருந்தால்தான் ரிப்போர்ட்டை நம்பலாம்.

கேள்வி: அம்மாவின் சிறுநீர் கல்ச்சர் ரிப்போர்ட்டில் ஈ.கோலை என்று வந்திருக்கிறது. சிப்ரோஃபிளாக்சசினுக்கு 24 மி.மீ., நைட்ரோஃபுரான்டாயினுக்கு 18 மி.மீ. என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் 24-க்கு எதிரே ‘ஐ’, 18-க்கு எதிரே ‘எஸ்’. பெரிய எண்தானே நல்ல மருந்து? தட்டச்சுப் பிழையா?

பிழை இல்லை. ‘எஸ்’ என்றால் மருந்து கேட்கும், ‘ஆர்’ என்றால் கேட்காது, ‘ஐ’ இரண்டுக்கும் இடைப்பட்ட பிரிவு. ஒரு மருந்தின் வட்டத்தை இன்னொரு மருந்தின் வட்டத்தோடு ஒப்பிடவே கூடாது.

பாக்டீரியாவைப் பரப்பிய அகார் பிளேட்டின் (கூழ் போன்ற வளர்ப்பு ஊடகம் ஊற்றிய தட்டு) மேல் மருந்தில் தோய்ந்த சிறு காகித டிஸ்க்கை வைக்கிறார்கள். மருந்து அகாருக்குள் கசிந்து பரவுகிறது. பாக்டீரியா வளர முடியாத இடம் வட்டமாகத் தெளிந்து நிற்கிறது. அந்த வட்டம் எவ்வளவு பெரிதாகும் என்பதை மருந்தின் வீரியம் மட்டும் முடிவு செய்வதில்லை. டிஸ்க்கில் எத்தனை மைக்ரோகிராம் மருந்து இருக்கிறது (சிப்ரோஃபிளாக்சசினில் 5, நைட்ரோஃபுரான்டாயினில் 300), அதன் மூலக்கூறு அகாரில் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பவையும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. அதனால் ஒவ்வொரு மருந்துக்கும், ஒவ்வொரு பாக்டீரியா வகைக்கும் தனித்தனி எல்லைக்கோடு உண்டு. ஆய்வகத் தரங்களை வகுக்கும் அமெரிக்க அமைப்பான சி.எல்.எஸ்.ஐ.யின் அட்டவணைப்படி ஈ.கோலைக்குச் சிப்ரோஃபிளாக்சசின் ‘எஸ்’ ஆக 26 மி.மீ. வேண்டும், 22 முதல் 25 வரை ‘ஐ’. நைட்ரோஃபுரான்டாயினுக்கு 17 மி.மீ. போதும். உங்கள் ரிப்போர்ட் இரண்டையும் சரியாகவே எழுதியிருக்கிறது.

இந்த ‘ஐ’ என்ற எழுத்தைப் பாதி வேலை செய்யும் என்று படிக்காதீர்கள். ஐரோப்பியக் குழுவான யூகாஸ்ட் 2019-இல் அதற்குத் தெளிவான பொருள் கொடுத்தது: மருந்தின் அளவையோ உடலில் அது சேரும் விதத்தையோ கூட்டினால் கேட்கும். அதைச் செய்யலாமா என்பதை நோயாளியின் சிறுநீரகம், வயது, நோய் இருக்கும் இடம் இவற்றைப் பார்த்து மருத்துவர் தீர்மானிப்பார். நைட்ரோஃபுரான்டாயின் சிறுநீரில் மட்டுமே போதிய அளவுக்குச் சேரும். காய்ச்சலோடு சிறுநீரகத்துக்குத் தொற்று ஏறியிருந்தால், ரிப்போர்ட்டில் ‘எஸ்’ என்று இருந்தாலும் அது உதவாது.

எம்.ஐ.சி. (பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த மருந்தளவு) எண் போட்ட ரிப்போர்ட்டுக்கும் இதே விதிதான். 0.25 என்பது 2-ஐ விடச் சிறியது என்பதற்காக அந்த மருந்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஒவ்வொரு எண்ணையும் அதனதன் எல்லைக்கோட்டோடு வைத்தே பார்க்க வேண்டும்.

கேள்வி: நான் ஒரு சிறிய ஆய்வகத்தின் டெக்னீஷியன். வாராவாரம் கட்டுப்பாட்டுக்கு (சோதனை சரியாக நடக்கிறதா என்று பார்க்க) வைக்கும், குணம் தெரிந்த ஈ.கோலை வகையான ஏ.டி.சி.சி. 25922-க்கு ஜென்டாமைசின் வட்டம் ஒரு வாரம் 17, அடுத்த வாரம் 27 என்று ஆடுகிறது. டிஸ்க் கம்பெனியை மாற்றியும் சரியாகவில்லை. எங்கே தவறு?

இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் நோயாளிகளின் ரிப்போர்ட்டும் அதே அளவுக்கு ஆடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். 10 மைக்ரோகிராம் ஜென்டாமைசினுக்கு அந்தக் கட்டுப்பாட்டு வகை 19 முதல் 26 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். மேலும் கீழும் மாறி மாறி எல்லை தாண்டுவதால் டிஸ்க்கின் மேல் முதல் சந்தேகம் வேண்டாம். கெட்டுப்போன டிஸ்க் ஒரே திசையில்தான், அதாவது சிறிதாகத்தான் போகும். இரு பக்கமும் ஆடினால் கைவேலையில் ஏதோ ஒன்று வாரத்துக்கு வாரம் மாறுகிறது.

முதலில் அகாரின் தடிமன். இந்தச் சோதனைக்கான முல்லர்-ஹின்டன் அகார் 4 மி.மீ. தடிமனில் இருக்க வேண்டும், அரை மி.மீ. கூடக்குறைய இருக்கலாம். 90 மி.மீ. பிளேட்டுக்கு 25 மி.லி., 100 மி.மீ. பிளேட்டுக்கு 31 மி.லி., 150 மி.மீ. பிளேட்டுக்கு 71 மி.லி. என்பது கணக்கு. கண்ணளவில் ஊற்றினால் ஒரு பிளேட் 3 மி.மீ., அடுத்தது 5 மி.மீ. ஆகிவிடும். மெல்லிய அகாரில் மருந்து கீழே இறங்க இடமின்றிப் பக்கவாட்டில் பரவும், வட்டம் பெருக்கும். தடித்த அகாரில் சிறுக்கும். மேசை மட்டமாக இல்லாவிட்டால் ஒரே பிளேட்டின் இரு ஓரங்களும் வேறு வேறு தடிமனில் உறையும், வட்டம் முட்டை வடிவில் வரும். குமிழி மட்டத்தை மேசையில் வைத்துப் பாருங்கள். 45 முதல் 50 டிகிரிக்கு ஆறிய பிறகு அளவுக் குடுவையால் ஊற்றுங்கள். ஒவ்வொரு தொகுப்பிலும் ஒரு பிளேட்டை வெட்டி அளந்து எழுதி வையுங்கள்.

இரண்டாவது பாக்டீரியாவின் அடர்த்தி. அனுபவத்தில் பார்த்தால் பெரும்பாலான ஆட்டம் இங்கேதான் பிறக்கிறது. மெக்ஃபார்லாண்ட் என்பது பாக்டீரியா கலந்த திரவத்தின் கலங்கலைக் குறிக்கும் அளவுகோல். 0.5 மெக்ஃபார்லாண்ட் கலங்கல் என்பது ஒரு மி.லி.க்கு ஏறக்குறைய 10 முதல் 20 கோடி பாக்டீரியா. கலங்கல் நீர்த்திருந்தால் வட்டம் பெருக்கும், அடர்ந்திருந்தால் சிறுக்கும். ஒப்பிடும் குழாயை நீங்களே தயாரிப்பதானால் 1.175 சதவீத பேரியம் குளோரைடு டைஹைட்ரேட் கரைசல் 0.5 மி.லி.யை, 1 சதவீத கந்தக அமிலம் 99.5 மி.லி.யில் கலக்கிக்கொண்டே சேர்க்க வேண்டும். 625 நானோமீட்டரில் ஒளி உட்கவர்தல் 0.08 முதல் 0.13 வரை காட்டினால் சரி. இறுக மூடி இருட்டில் வையுங்கள். ஒவ்வொரு முறையும் பயன்படுத்தும் முன் நன்றாகக் குலுக்குங்கள். பேரியம் சல்பேட் அடியில் படிந்து கிடந்தால் நீங்கள் தெளிந்த நீரோடு ஒப்பிட்டு, கலங்கலை மெலிதாகத் தயாரித்துவிடுவீர்கள். கட்டி கட்டியாகத் திரிந்து தெரிந்தால் அந்தக் குழாயைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு வரைந்து, அதன் முன்னால் கலங்கல் குழாயையும் ஒப்பிடும் குழாயையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குழாய்களின் விட்டம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

மூன்றாவது நேரம். இதற்கு ‘15-15-15’ என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். கலங்கல் தயாரித்த 15 நிமிடத்துக்குள் பிளேட்டில் பூச வேண்டும். பூசிய 15 நிமிடத்துக்குள் டிஸ்க் வைக்க வேண்டும். வைத்த 15 நிமிடத்துக்குள் இன்குபேட்டருக்குள் (சீரான வெப்பத்தில் வைக்கும் பெட்டி) போக வேண்டும். ஒவ்வொரு தாமதமும் வேறு திசையில் இழுக்கும். பூசிவிட்டு டிஸ்க் வைக்கத் தாமதித்தால் பாக்டீரியா முந்திக்கொண்டு வளரும், வட்டம் சிறுக்கும். டிஸ்க் வைத்துவிட்டு மேசையிலேயே விட்டால் மருந்து முந்திக்கொண்டு பரவும், வட்டம் பெருக்கும். ஒரு வாரம் 17, மறு வாரம் 27 என்று வருவதற்கு இந்த இரண்டு தாமதங்களே போதும். வேலை குவிந்த நாளையும் ஓய்வான நாளையும் பதிவேட்டில் குறித்து, வட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அகாரின் பி.ஹெச். அறை வெப்பநிலையில் 7.2 முதல் 7.4 வரை இருக்க வேண்டும். அமிலமானால் ஜென்டாமைசின் போன்ற அமினோகிளைகோசைடுகளும் எரித்ரோமைசினும் வலுவிழக்கும். டெட்ராசைக்ளின் இல்லாத வலுவைக் காட்டும். இதனால்தான் இந்தப் பிளேட்டுகளைக் கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டரில் வைக்கக் கூடாது. அந்த வாயு அகாரின் மேற்பரப்பை அமிலமாக்கிவிடும். கால்சியமும் மக்னீசியமும் அதிகமான அகாரில் சூடோமோனாஸ் பாக்டீரியாவுக்கு எதிரே ஜென்டாமைசின் வட்டம் சுருங்கும், குறைவானால் விரியும். குழாய்த் தண்ணீரில் அகார் கரைக்கும் பழக்கம் எங்காவது இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

டிஸ்க்கைப் பற்றியும் ஒரு சொல். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த குப்பியை அறை வெப்பநிலைக்கு வரும்வரை, ஒரு மணி நேரமாவது, திறக்காதீர்கள். குளிர்ந்த டிஸ்க்கில் காற்றின் ஈரம் படியும். அந்த ஈரத்தில் பென்சிலின் வகை மருந்துகள் சிதையும். கிளாவுலானிக் அமிலமும் இமிபெனமும் எல்லாவற்றிலும் சீக்கிரம் கெடுபவை. கிளாவுலானிக் அமிலம் உயிரோடு இருக்கிறதா என்று 25922 சொல்லாது, ஏனென்றால் அந்த அமிலம் முடக்க வேண்டிய, பென்சிலினைச் சிதைக்கும் பீட்டா-லாக்டமேஸ் நொதி அதனிடம் கிடையாது. அதற்கு அந்த நொதி உள்ள ஈ.கோலை ஏ.டி.சி.சி. 35218 தனியாக வேண்டும்.

பிழையின் வடிவமே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். எல்லா மருந்துக்கும் ஒரே திசையில் மாற்றம் என்றால் அகார் தடிமனோ கலங்கலோ. ஒரு மருந்துக்கு மட்டும் என்றால் அந்த டிஸ்க். அமினோகிளைகோசைடுகளுக்கு மட்டும் என்றால் பி.ஹெச். அல்லது தாது உப்பு. கோட்ரைமாக்சசோல் வட்டத்துக்குள் புகைபோல வளர்ச்சி என்றால் அகாரில் தைமிடின் (அந்த மருந்தின் வேலையைக் கெடுக்கும் பொருள்) கூடியிருக்கிறது. என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் ஏ.டி.சி.சி. 29212-ஐ வைத்துப் பார்த்தால் 20 மி.மீ.க்குக் குறையாத தெளிந்த வட்டம் வர வேண்டும், வராவிட்டால் அந்தத் தொகுப்பு அகாரை ஒதுக்குங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் இருபது முறைக்கு ஒரு முறை எல்லைக்கு வெளியே விழலாம், அது இயல்பு. அடுத்தடுத்து இரண்டு முறை வெளியே போனால் அந்த மருந்துக்கு நோயாளி ரிப்போர்ட் கொடுப்பதை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

கேள்வி: ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவில் எரித்ரோமைசின் ரெசிஸ்டன்ட், கிளிண்டாமைசின் சென்சிட்டிவ். இப்படி அடிக்கடி வருகிறது. அப்படியே ரிப்போர்ட் செய்யலாமா?

டி-டெஸ்ட் பார்க்காமல் கொடுக்காதீர்கள். 15 மைக்ரோகிராம் எரித்ரோமைசின் டிஸ்க்கையும் 2 மைக்ரோகிராம் கிளிண்டாமைசின் டிஸ்க்கையும் விளிம்புக்கு விளிம்பு 15 முதல் 26 மி.மீ. இடைவெளியில் அருகருகே வையுங்கள். கிளிண்டாமைசின் வட்டம், எரித்ரோமைசினை நோக்கிய பக்கத்தில் மட்டும் தட்டையாக நின்றால் அந்தப் பாக்டீரியாவிடம் ‘இ.ஆர்.எம்.’ மரபணு உறங்கிக் கிடக்கிறது. எரித்ரோமைசின் அதை எழுப்பிவிடுகிறது. எழுந்தபின் ரைபோசோமில் (பாக்டீரியா புரதம் செய்யும் இடம்) மருந்து ஒட்டும் இடமே மாறிவிடுகிறது. சிகிச்சையின் நடுவே நிரந்தரமாக எதிர்க்கும் வகைகள் அதிலிருந்து கிளம்பலாம். எனவே கிளிண்டாமைசினையும் ‘ஆர்’ என்றே எழுத வேண்டும். வட்டம் முழு உருண்டையாக இருந்தால் எதிர்ப்பு, மருந்தை வெளியேற்றும் பம்ப்பால் வந்தது. கிளிண்டாமைசினை ‘எஸ்’ என்று கொடுக்கலாம். டிஸ்க் அடுக்கும் கருவியில் இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்துத் துளைகளில் போட்டு வைத்தால், இடைவெளி சரியாக இருக்கும்பட்சத்தில், தனிச் சோதனையே வேண்டியதில்லை.

கேள்வி: கோலிஸ்டினுக்கு டிஸ்க் வைத்து 14 மி.மீ. வந்தால் சென்சிட்டிவ் என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். சரிதானே?

இல்லை. உடனே நிறுத்த வேண்டிய பழக்கம் இது. கோலிஸ்டின் பெரிய மூலக்கூறு, நேர்மின் ஏற்றம் கொண்டது. அகாரில் நகரவே தயங்கும். கேட்கும் பாக்டீரியாவுக்கும் கேட்காத பாக்டீரியாவுக்கும் வட்டத்தில் உள்ள வித்தியாசம் ஓரிரு மி.மீ.தான். அந்த ஓரிரு மி.மீ.யை நம்பி, வேறு மருந்தே இல்லாத நோயாளிக்கு முடிவெடுக்க முடியாது. எம்.ஐ.சி. அளக்கும் மருந்துப் பட்டைகளும் இதில் நம்பத்தக்கவை அல்ல. கோலிஸ்டின் எதிர்ப்பைப் பிளாஸ்மிட் (பாக்டீரியாக்கள் தமக்குள் கைமாற்றிக்கொள்ளும் சிறு டி.என்.ஏ. வளையம்) வழியாகக் கடத்தும் எம்.சி.ஆர்-1 மரபணு 2015-இல் வெளியே தெரிந்த பிறகு, 2016-இல் சி.எல்.எஸ்.ஐ.யும் யூகாஸ்ட்டும் சேர்ந்து திரவ நுண்நீர்ப்பு முறையை (படிப்படியாக நீர்த்த மருந்துத் திரவத்தில் பாக்டீரியாவை வளர்த்துப் பார்ப்பது) மட்டுமே அடிப்படை முறையாகப் பரிந்துரைத்தன. அதிலும் கோலிஸ்டின் சல்பேட் உப்பைத்தான் பயன்படுத்த வேண்டும். ஊசியில் வரும் கோலிஸ்டிமீத்தேட் உடலுக்குள் போய் மாறினால்தான் மருந்து. குழாயில் அதை வைத்துச் சோதிக்க முடியாது. பாலிசார்பேட் போன்ற எதையும் சேர்க்கக் கூடாது.

நுண்நீர்ப்புக்கு வசதி இல்லையென்றால் வழி இருக்கிறது. நான்கு கண்ணாடிக் குழாய்களில், தாது உப்பு சரிசெய்த முல்லர்-ஹின்டன் திரவம் 10 மி.லி. வீதம் எடுங்கள். 10 மைக்ரோகிராம் கோலிஸ்டின் டிஸ்க்கை முதல் குழாயில் போடாமல், அடுத்தவற்றில் முறையே 1, 2, 4 என்று போடுங்கள். இப்போது மி.லி.க்கு 0, 1, 2, 4 மைக்ரோகிராம் என்று நான்கு அளவுகள் கிடைத்துவிட்டன. அறை வெப்பநிலையில் அரை மணி நேரமாவது மருந்து கரைந்து இறங்க விடுங்கள். பிறகு 0.5 மெக்ஃபார்லாண்ட் கலங்கலில் 50 மைக்ரோலிட்டர் வீதம் நான்கிலும் சேர்த்து, 35 டிகிரியில் 16 முதல் 20 மணி நேரம். மருந்தில்லாத குழாய் கலங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் சோதனையே செல்லாது. மருந்துள்ள குழாய்களில் கலங்காத முதல் குழாயின் அளவே எம்.ஐ.சி. நான்கும், அதற்கு மேலும் ‘ஆர்’. இரண்டும் அதற்குக் கீழும் வந்தாலும் சி.எல்.எஸ்.ஐ. 2020 முதல் அதை ‘ஐ’ என்றே எழுதச் சொல்கிறது. ‘எஸ்’ என்ற பிரிவையே எடுத்துவிட்டது. அசினெட்டோபாக்டருக்கு இந்த டிஸ்க்-குழாய் முறை பொருந்தாது. புரோட்டியஸ், செராஷியா, மோர்கனெல்லா, பிராவிடென்ஷியா ஆகியவை பிறவியிலேயே கோலிஸ்டினுக்கு அடங்காதவை, அவற்றுக்குச் சோதனையே தேவையில்லை.

கேள்வி: எங்களிடம் பி.சி.ஆர். (மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) இல்லை. மெரோபெனம் ரெசிஸ்டன்ட் கிளப்சியெல்லா பாக்டீரியாவில், அந்த வகை மருந்தைச் சிதைக்கும் கார்பபெனமேஸ் நொதி இருக்கிறதா என்று வேறு வழியில் பார்க்க முடியுமா?

தாராளமாக. ‘எம்-சிம்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் முறைக்கு ஒரு மெரோபெனம் டிஸ்க்கும் டிரிப்டிக் சோயா திரவமும் போதும். இதன் அடிப்படை எளிமையானது: பாக்டீரியாவிடம் நொதி இருந்தால் டிஸ்க்கில் உள்ள மருந்தைத் தின்றுவிடும், வெறுமையான டிஸ்க்கால் மறுநாள் வட்டம் போட முடியாது.

ரத்த அகாரில் முந்தின இரவு வளர்ந்த காலனியிலிருந்து 1 மைக்ரோலிட்டர் வளையம் நிறைய எடுத்து 2 மி.லி. திரவத்தில் விட்டு 10 முதல் 15 விநாடி சுழற்றுங்கள். சூடோமோனாஸ் என்றால் 10 மைக்ரோலிட்டர் வளையம் வேண்டும். அதில் 10 மைக்ரோகிராம் மெரோபெனம் டிஸ்க்கை முழுதும் மூழ்கும்படி போட்டு 35 டிகிரியில் 4 மணி நேரம் வையுங்கள். 15 நிமிடம் முன்பின் ஆகலாம், அதற்கு மேல் வேண்டாம். அந்த நேரம் முடியும் தறுவாயில் ஈ.கோலை 25922-ஐ 0.5 மெக்ஃபார்லாண்டில் முல்லர்-ஹின்டன் பிளேட்டில் பூசித் தயாராக இருங்கள். டிஸ்க்கை வளையத்தால் தூக்கும்போது குழாயின் உள்சுவரில் இழுத்து ஈரத்தை வடித்துவிட்டுப் பிளேட்டில் வையுங்கள். 18 முதல் 24 மணி நேரம் கழித்து அளக்கலாம்.

வட்டம் 6 முதல் 15 மி.மீ.க்குள் இருந்தால் நொதி உண்டு. 16 முதல் 18 மி.மீ. வட்டத்துக்குள் புள்ளி புள்ளியாகக் காலனிகள் இருந்தாலும் உண்டு. 19 மி.மீ.யும் அதற்கு மேலும் தெளிவாக இருந்தால் இல்லை. இடைப்பட்டது தீர்மானமில்லாதது, புதிய காலனியில் திரும்பச் செய்யுங்கள்.

அடுத்த படியும் உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். இன்னொரு 2 மி.லி. குழாயில் 0.5 மோலார் ஈ.டி.டி.ஏ. 20 மைக்ரோலிட்டர் சேர்த்து, அதே காலனியை வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யுங்கள். ஈ.டி.டி.ஏ. துத்தநாகத்தைப் பிடித்துக்கொள்ளும். என்.டி.எம். போன்ற உலோக நொதிகள் துத்தநாகம் இல்லாமல் இயங்காது. ஆகவே ஈ.டி.டி.ஏ. குழாய் டிஸ்க்கின் வட்டம் 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெரிதானால் உலோக நொதி. இது வெறும் பெயர் சூட்டல் அல்ல. செஃப்டாசிடைம்-அவிபாக்டம் என்ற மருந்து, கே.பி.சி., ஆக்சா-48 ஆகிய உலோகமில்லாத நொதிகள் கொண்ட பாக்டீரியாவுக்குக் கேட்கும், என்.டி.எம். கொண்டதற்குக் கேட்காது. மருத்துவர் அந்த மருந்தைத் தொடங்குவதா வேண்டாமா என்பதை இந்த 5 மி.மீ. முடிவு செய்யக்கூடும்.

முடிவு தப்பாகும் இடங்கள்: டிஸ்க்கில் தொங்கும் சொட்டு ஈரத்தோடு வைப்பது (டிஸ்க்கைச் சுற்றிச் சோதனைப் பாக்டீரியாவே வளர்ந்து குழப்பும்), பழைய டிஸ்க் (நொதி இல்லாவிட்டாலும் வட்டம் சிறுத்து, இருப்பதுபோல் காட்டும்), நொதி உண்டு, இல்லை என்று தெரிந்த கட்டுப்பாட்டு வகைகளைக் கூடவே வைக்காதது. ஒரே பாக்டீரியாவிடம் கே.பி.சி.யும் என்.டி.எம்.மும் சேர்ந்திருந்தால் ஈ.டி.டி.ஏ. படி உலோக நொதி இல்லை என்று காட்டிவிடும், ஏனென்றால் கே.பி.சி. தொடர்ந்து மருந்தைத் தின்றுகொண்டிருக்கும். அசினெட்டோபாக்டருக்கு இந்த முறையைப் பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி: கடும் காய்ச்சலில் இருந்தவருக்கு ரத்த கல்ச்சர் ‘வளர்ச்சி இல்லை’ என்று வந்தது. அப்படியானால் கிருமியே இல்லை என்றுதானே பொருள்?

அந்தப் பொருள் கிடையாது. எடுத்த ரத்தத்தில், வைத்த நாட்களில், அந்தத் திரவத்தில் எதுவும் வளரவில்லை என்பது மட்டுமே பொருள். பெரியவர்களின் ரத்தத் தொற்றில் ஒரு மி.லி.க்குப் பத்துக்கும் குறைவான பாக்டீரியா, பல சமயம் ஒன்றுகூட இல்லாத அளவு, இருப்பது சகஜம். 2 மி.லி. ரத்தத்தில் அது அகப்படாமல் போவதில் வியப்பில்லை. பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி., இரண்டு பாட்டில் கொண்டது ஒரு செட், வெவ்வேறு இடத்தில் குத்தி இரண்டு அல்லது மூன்று செட் என்பதே பெரியவர்களுக்கான முறை. பாட்டிலில் குறிக்கப்பட்ட அளவுக்கு மேல் ஊற்றினாலும் தீமைதான். வெள்ளையணுக்கள் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடை வளர்ச்சி என்று கருவி தவறாகக் காட்டலாம்.

முதல் டோஸ் ஆன்டிபயாடிக்குக்கு முன் ரத்தம் எடுக்கப்பட்டதா என்று கேளுங்கள். எடுத்த பாட்டிலைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தால் சில கிருமிகள் அங்கேயே செத்துவிடும். அறை வெப்பநிலையில் வைத்துச் சில மணி நேரத்துக்குள் கருவியில் ஏற்ற வேண்டும். ஸ்க்ரப் டைஃபஸ், கியூ காய்ச்சல் கிருமிகள் உயிரணுவுக்குள் மட்டுமே வாழ்பவை, எத்தனை நாள் வைத்தாலும் இந்தப் பாட்டிலில் வளரா. லெப்டோஸ்பைராவுக்குத் தனித் திரவம் வேண்டும். மலேரியாவுக்கு ரத்தப் பூச்சுதான்.

எதிர்ப்பக்கத் தவறும் அதே அளவுக்கு நடக்கிறது. நான்கு பாட்டிலில் ஒன்றில் மட்டும் தோல் ஸ்டஃபைலோகாக்கஸ் வளர்ந்தால் அது பெரும்பாலும் தோலிலிருந்து ஊசியோடு வந்தது. இரண்டு சதவீத குளோர்ஹெக்சிடின் கலந்த ஆல்கஹாலால் தேய்த்து, 30 விநாடி காயவிட்டு, பிறகு தொடாமல் குத்த வேண்டும். பாட்டிலின் ரப்பர் மூடியையும் 70 சதவீத ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். மேல்மூடியைக் கழற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சுத்தம் என்று எண்ணிவிடுகிறார்கள், அது கிருமி நீக்கப்பட்டதல்ல.

கேள்வி: பி.சி.ஆர். ‘எம்.இ.சி-ஏ மரபணு உண்டு’ என்கிறது. பிளேட்டில் செஃபாக்சிட்டின் சென்சிட்டிவ். எதை நம்புவது?

எம்.இ.சி-ஏ என்பது ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸை மெத்திசிலின் வகை மருந்துகளுக்கு அடங்காததாக (எம்.ஆர்.எஸ்.ஏ.) ஆக்கும் மரபணு; பிளேட்டில் அந்த எதிர்ப்பைக் காட்டுவது செஃபாக்சிட்டின் டிஸ்க். முதலில் மாதிரி எது என்று பாருங்கள். காயச் சீழிலிருந்து நேரடியாகப் பி.சி.ஆர். செய்திருந்தால் மரபணு ஆரியஸுடையதாக இல்லாமல், கூடவே வந்த தோல் ஸ்டஃபைலோகாக்கஸுடையதாக இருக்கலாம். தனிக் காலனியில் திரும்பச் செய்யுங்கள். அப்போதும் மரபணு இருந்தால் இன்குபேட்டரின் வெப்பநிலையைப் பாருங்கள்: 35 டிகிரிக்கு மேல் போனால் இந்த எதிர்ப்பு மறைந்துவிடும், கருவியின் திரையை நம்பாமல் உள்ளே தனித் தெர்மாமீட்டர் வையுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் பிளேட் சென்சிட்டிவ் என்றால் மரபணு அடங்கியிருக்கும் வகை அது. மருந்து கொடுத்தால் விழித்துக்கொள்ளலாம். அதை எம்.ஆர்.எஸ்.ஏ. என்றே ரிப்போர்ட் செய்வது பாதுகாப்பு.

பி.சி.ஆர். தானே பொய் சொல்லும் சூழலும் உண்டு. முந்தைய ஓட்டத்தின் பெருக்கிய டி.என்.ஏ. துளி அறையில் பரவினால் எல்லா மாதிரியும் பாசிட்டிவ் ஆகும். கலவை தயாரிக்கும் அறை, மாதிரி சேர்க்கும் அறை, பெருக்கும் அறை மூன்றும் தனி. ஆள் ஒரே திசையில்தான் நகர வேண்டும், பெருக்கும் அறையின் பைப்பெட்டும் அங்கியும் முதல் அறைக்குத் திரும்பவே கூடாது. ஒவ்வொரு ஓட்டத்திலும் டி.என்.ஏ. சேர்க்காத குழாய் ஒன்று இருக்க வேண்டும். மேசையை 0.5 சதவீத ஹைப்போகுளோரைட்டால் துடைத்து, 10 நிமிடம் கழித்துத் தண்ணீரால் துடையுங்கள். மறுபக்கம், ஹெப்பரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) குழாயில் எடுத்த ரத்தம் பி.சி.ஆரையே முடக்கும்; உள்கட்டுப்பாடு (சோதனை இயங்கியதா என்று காட்டக் கூடவே பெருக்கப்படுவது) தோற்றிருந்தால் ‘நெகட்டிவ்’ என்று எழுதாமல் ‘செல்லாது’ என்று எழுதுங்கள்.

மரபணு இல்லை என்ற பதிலுக்கும் எல்லை உண்டு. வழக்கமான கார்பபெனமேஸ் தொகுப்பு ஐந்து குடும்பங்களைத்தான் தேடும். மருந்து உள்ளே நுழையும் வாசல் புரதத்தை இழந்து, வேறு நொதியை மிகுதியாகச் சுரக்கும் பாக்டீரியா அந்த ஐந்தில் ஒன்றும் இல்லாமலே மெரோபெனத்தை எதிர்க்கும். பிளேட் ‘ஆர்’ என்றால் ‘ஆர்’தான்.

கேள்வி: கிருமியை அடையாளம் காணும் மால்டி-டாஃப் கருவி மலத்தில் ஈ.கோலை என்று சொன்னது. ஷிகெல்லா (ரத்தபேதிக் கிருமி) இல்லை என்று விட்டுவிடலாமா?

கூடாது. அந்தக் கருவி பெரும்பாலும் ரைபோசோம் புரதங்களின் எடையை வைத்து அடையாளம் சொல்கிறது. இந்த இரண்டுக்கும் அவை ஏறக்குறைய ஒன்றே. லாக்டோஸ், அசைவு, லைசின் சோதனைகளும் ஷிகெல்லா எதிர்ச்சீரமும் வைத்துத்தான் பிரிக்க வேண்டும். நிமோகாக்கஸையும் அதன் நெருங்கிய வாய்வாழ் உறவினர்களையும் பிரிப்பதிலும் இதே சிக்கல். அங்கே ஆப்டோசின் டிஸ்க்கும் பித்தக் கரைவுச் சோதனையும் கைகொடுக்கும்.

கேள்வி: ரத்த பாட்டில் பாசிட்டிவ் ஆன பிறகும் சென்சிட்டிவிட்டிக்கு இரண்டு நாள் காத்திருக்கச் சொல்கிறார்கள். விரைவுபடுத்த முடியாதா?

முடியும். யூகாஸ்ட்டின் விரைவு முறையில் பாசிட்டிவ் பாட்டிலிலிருந்து 125 மைக்ரோலிட்டரை நேராக முல்லர்-ஹின்டன் பிளேட்டில் பரப்பி, டிஸ்க் வைத்து, 4, 6, 8 மணி நேரங்களில் அளக்கிறார்கள். இதற்கென்று தனி எல்லைக்கோட்டு அட்டவணை உண்டு; வழக்கமான அட்டவணையை இதற்குப் பயன்படுத்தினால் தவறு. கிருமியின் பெயர் தெரிந்திருக்க வேண்டும், கிராம் சாயத்தில் (கிருமிக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது) ஒரே வகை மட்டும் தெரிய வேண்டும். இரண்டு வகை கலந்திருந்தால் வழக்கமான வழிதான். ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: கிராம் சாயத்தின் முடிவைத் தொலைபேசியில் உடனே மருத்துவரிடம் சொன்னாலே பல நோயாளிகளின் மருந்து அன்றே சரியாக மாறும். அதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை.

கேள்வி: சிறுநீரில் ஒரு லட்சம் காலனி வந்திருக்கிறது, ஆனால் எரிச்சலோ காய்ச்சலோ இல்லை. மருந்து சாப்பிட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர்ப் பாதையில் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ள இருப்பவர்களுக்கும் மட்டும் மருத்துவர் மருந்து கொடுப்பார். மற்றவர்களுக்குக் கொடுப்பது எதிர்ப்பை வளர்ப்பதில்தான் முடியும். மாதிரி இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்திருந்தால் அந்த ஒரு லட்சமே குழாயில் பெருகியதாக இருக்கலாம்.

கேள்வி: எதிர்ப்பு வகைகளைச் சேமித்து வைக்கிறோம். ஆறு மாதம் கழித்து எடுத்தால் சிலவற்றில் எதிர்ப்பே காணோம். ஏன்?

எதிர்ப்பு மரபணு பிளாஸ்மிட்டில் இருந்திருக்கும். மருந்தில்லாத அகாரில் பிளேட்டிலிருந்து பிளேட்டுக்கு மாற்றிக்கொண்டே வந்தால், பிளாஸ்மிட்டை உதறிய பாக்டீரியா வேகமாக வளர்ந்து மற்றவற்றை ஓரங்கட்டிவிடும். முதல் தூய வளர்ப்பிலேயே, பல காலனிகளை அள்ளி, 15 முதல் 20 சதவீத கிளிசரால் கலந்த டிரிப்டிக் சோயா திரவத்தில் போட்டு, மைனஸ் 70 டிகிரியிலோ அதற்குக் கீழோ வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு குப்பி: ஒன்று எடுத்துப் பயன்படுத்த, மற்றது தொடாமல் இருக்க. எடுக்கும்போது குப்பியை உருகவிடாமல் மேற்பரப்பைச் சுரண்டுங்கள். மைனஸ் 20 டிகிரிப் பெட்டியில், அதிலும் தானாகப் பனி நீக்கும் வகையில், நீண்ட காலம் வைக்க முடியாது. உருகி உறைந்தே பாதி செத்துவிடும். சேமித்த மறுவாரம் ஒரு குப்பியை எடுத்து வளர்த்து, எம்-சிம்மோ டிஸ்க்கோ திரும்பச் செய்து, எதிர்ப்பு அப்படியே இருக்கிறதா என்று பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.